சத்தத்தை அளந்து பார்ப்போம்: எங்கட குறும்படங்களும் பழைய டிவிடிகளும்

போன வருடம் எங்கட குறும்படம் ஒன்றை ஒரு மண்டபத்தில் திரையிட்டோம். பதினெட்டு நிமிடப் படம். இடம்பெயர்வதற்கு முதல் நாள் இரவு ஒரு வீட்டுக்குள் நடக்கிற கதை. சவுண்ட் மிக்ஸ் நான்தான் செய்தேன். நாலு இரவு, ஒரு ஹெட்போன், கடன் வாங்கின லப்டொப். மீற்றர் சிவப்பைத் தொடாமல், ஆனால் எப்பவும் சிவப்புக்குப் பக்கத்திலேயே நிற்கிற மாதிரி எல்லாவற்றையும் இழுத்து ஏற்றிவிட்டு, "படம் சும்மா அதிரும் மச்சான்" என்று இயக்குநருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

அதிர்ந்ததுதான். முதல் ஷெல் விழுந்தவுடனேயே மண்டபத்து ஸ்பீக்கர் கரகரத்தது. சவுண்ட் பொறுப்பில் நின்ற அண்ணை ஓடிப்போய்க் குறைத்தார். குறைத்ததால், அடுத்து வந்த காட்சியில் தாயும் மகளும் குசுகுசுத்தது ஒருத்தருக்கும் கேட்கவில்லை. பின்னால் இருந்து "சத்தம் வையுங்கோ" என்று குரல். கூட்டினார். அடுத்த ஷெல் விழுந்தது. இரண்டாவது வரிசையில் இருந்த என்னுடைய நண்பனின் அம்மா எழும்பி வெளியே போய்விட்டார்.

படம் முடிய, வெளியில் வேப்பமரத்தடியில் நின்றவரிடம் போய், "என்ன அன்ரி, பழசெல்லாம் ஞாபகம் வந்திட்டுதோ?" என்று கேட்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையோடதான் கேட்டேன். அவ்வளவு தத்ரூபமாகச் செய்துவிட்டோம் என்ற நினைப்பு.

"இல்லைத் தம்பி, காது நொந்தது" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அங்க முதல் குத்துற சத்தம் கேக்கும். பிறகு நாங்கள் எண்ணுவம். எண்ணி முடியத்தான் விழும். உங்கட படத்தில எண்ணுறதுக்கு இடமில்லையே" என்றார்.

அன்று இரவு முழுக்க மண்டபத்து ஸ்பீக்கரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கொழும்பில் ஒலித்துறையில் வேலை செய்கிற அண்ணை ஒருத்தருக்கு அடுத்த நாள் கோல் எடுத்து முறையிட்டேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "என்னத்தை ரெஃபரன்ஸ் வைச்சு மிக்ஸ் பண்ணினனீர்?" என்னிடம் பதில் இல்லை. நான் எதையும் வைத்துச் செய்யவில்லை. என்னுடைய காதும் ஹெட்போனும் சொன்னதைத்தான் செய்தேன். "நல்ல படம் ரெண்டு மூண்டு ஒரிஜினல் டிவிடியில எடுத்து அளந்து பாரும். பிறகு கதைப்பம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இந்தக் கட்டுரை அப்படி அளந்து பார்த்த கதை. அளந்த பிறகு எனக்கு ஒரு அபிப்பிராயம் உறுதியாக வந்துவிட்டது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்கட வட்டத்தில் வருகிற குறும்படங்களில் பெரும்பாலானவை தேவையில்லாத அளவுக்குச் சத்தமாக இருக்கின்றன. காரணம் காசு இல்லாததோ கருவி இல்லாததோ அல்ல. நாங்கள் அளப்பதில்லை. அளக்கிற ஒருசிலரும் பிழையான ஒரு எண்ணைத்தான் பார்க்கிறோம்.

முதலில் நான் விட்ட அடிப்படைப் பிழை. எடிற்றிங் சொஃப்ட்வெயாரில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஏறி இறங்குகிற மீற்றர் காட்டுவது அலையின் உச்சத்தை. டிஜிற்றலில் பூச்சியம்தான் கூரை, அதற்கு மேல் இடம் இல்லை, அலை வெட்டுப்படும். ஆனால் உச்சம் எவ்வளவு என்பதும் மனிசருக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்பதும் ஒன்றில்லை. ஒரு கைதட்டலும் ஒரு லொறி ஹோர்னும் ஒரே உச்சத்தைத் தொடலாம். எது காதைப் பிளக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

காதுக்குக் கேட்கிற மாதிரி அளப்பதற்குத்தான் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் பி.எஸ்.1770 என்றொரு முறையை வெளியிட்டது. எங்கட காது தாழ்ந்த சுருதிகளைக் குறைவாகவும் மேல் சுருதிகளைக் கூடவும் எடுக்கும் என்பதை இந்த அளவை கணக்கில் எடுக்கும். அதன் அலகுதான் லஃப்ஸ். பூச்சியத்திலிருந்து கீழே எண்ணவேண்டும், -23 என்பது -10ஐ விடச் சத்தம் குறைவு. 2010இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் இதை எடுத்து, ரீவி நிகழ்ச்சி எல்லாம் சராசரியாக -23இல் இருக்கவேண்டும் என்று விதித்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில், விளம்பரம் வரும்போது சத்தம் திடீரென்று கூடுவதைத் தடுக்கவென்றே ஒரு சட்டம் வந்தது. நெற்ஃபிளிக்ஸ் கேட்பது உரையாடலை மட்டும் அளந்து -27, இரண்டு முன்னப்பின்ன இருக்கலாம்.

எங்கட படத்தை அந்த மீற்றரில் போட்டேன். -10.

பத்து டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும் என்பது பொதுவான கணக்கு. நான் ஐரோப்பிய ரீவியை விடப் பதின்மூன்று கூட. மண்டபத்து அண்ணையை நான் திட்டினதுக்கு மன்னிப்புக் கேட்கவேண்டும், இன்னும் கேட்கவில்லை.

ஏன் டிவிடி? 2006 மாதிரிப் பழைய விசயம் இல்லையா, யூரியூப்பில் எடுத்து அளந்தால் என்ன என்று கேட்பீர்கள். யூரியூப் தன்பாட்டில் சத்தத்தைத் திருத்தும், கிட்டத்தட்ட -14ஐ விடக் கூடினால் ஓடும்போது குறைத்துவிடும். அதோட, அதில் ஏற்றினவர் என்ன செய்து ஏற்றினார் என்று தெரியாது. டிவிடித் தட்டில் இருப்பது அப்படியே இருக்கும். நேற்று ஒரு மாதிரி இன்றைக்கு ஒரு மாதிரி மாறாது. பெரும்பாலான சினிமாத் தட்டுகளில் ஆறு சனல் டொல்பி டிஜிற்றல் தடம் இருக்கும், இடது, வலது, நடு, பின்னால் இரண்டு, அடித்தொனிக்கு ஒன்று. நடுச் சனலைத் தனியாகப் பிரித்து எடுக்கலாம். இதுதான் எனக்குப் பொன்னாகத் தெரிந்தது, ஏனென்றால் சினிமாவில் உரையாடல் பெரும்பாலும் நடுச் சனலில்தான் இருக்கும். ஒரு பெரிய படத்தின் கதைபேச்சை மட்டும் தனியாகக் கேட்கிற வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும்?

ஆனால் தட்டு ஒரிஜினலாக இருக்கவேண்டும். ரவுணில் நாங்கள் வாங்கிப் பழகின, மூன்று படம் ஒரே தட்டில் என்று வருகிற சாமான் இதற்கு உதவாது. அதில் இடம் காணாமல் ஒலியை இரண்டு சனலாக்கி, திரும்பவும் நசுக்கித்தான் அடைத்திருப்பார்கள். நான் முதலில் அளந்த இரண்டு தட்டும் அப்படிப்பட்டவை. ஒரு கிழமை வீண்.

அடுத்த பொறி இன்னும் மோசமானது, ஏனென்றால் ஒரிஜினல் தட்டிலேயே இருக்கிறது. டொல்பி டிஜிற்றல் தடத்துக்குள் ஒலி மட்டும் இல்லை, ஒலியோடு சில கட்டளைகளும் ஒளிந்திருக்கும். ஒன்று, இந்தப் படத்தின் உரையாடல் எந்த அளவில் இருக்கிறது என்று சொல்கிற எண். 'டயல்நோர்ம்' என்பார்கள். அதில் -31 என்று எழுதியிருந்தால் பிளேயர் ஒன்றும் செய்யாது. -27 என்று இருந்தால் முழுப்படத்தையும் 4 டெசிபெல் குறைத்துத்தான் வெளியே விடும். ஆகவே ஒரே அளவில் மிக்ஸ் செய்த இரண்டு படம், இந்த எண் வேறுபட்டால் பிளேயரில் வேறு வேறு சத்தத்தில் கேட்கும். மற்றது, இரவில் அயல்வீட்டுக்காரர் எழும்பாமல் பார்ப்பதற்கென்று வைத்திருக்கிற டைனமிக் ரேஞ்ச் குறைப்பு. அது இயங்கினால் சத்தமான இடம் தாழும், மெல்லிய இடம் உயரும். அதாவது நாங்கள் எதை அளக்கவேண்டும் என்று வந்தோமோ அதையே அது அழித்துவிடும்.

எஃப்எஃப்எம்பெக் என்கிற இலவச மென்பொருளால் தடத்தைப் பிரிக்கிறவர்கள் கவனியுங்கோ: சும்மா விட்டால் அது இந்தக் குறைப்பைச் சேர்த்துத்தான் வாசிக்கும். அதைப் பூச்சியமாக்கச் சொல்லி நாங்கள்தான் கட்டளை கொடுக்கவேண்டும். நான் கொடுக்கவில்லை. முதலில் எடுத்த எண்களை நம்பி, "பாத்தியா, ஹொலிவூட்காரனும் நசுக்கித்தான் செய்யிறான்" என்று குறூப்பில் ஒரு நீண்ட வொய்ஸ் மெசேஜும் போட்டேன். பிறகு அழித்தேன்.

சின்னச் சின்ன விசயங்கள் இன்னும் இருக்கு. ஆறு சனலை இரண்டாக்கி அளந்தால் எண் மாறும், நடுச் சனல் இரண்டு பக்கமும் 3 டெசிபெல் குறைந்து போய்ச் சேரும், அடித்தொனிச் சனல் பெரும்பாலும் கழன்றே போய்விடும். பி.எஸ்.1770 அளவையும் அந்த அடித்தொனிச் சனலைக் கணக்கில் எடுக்காது, ஆகவே குண்டுச் சத்தத்தில் நெஞ்சுக்குள் உதைக்கிற பகுதி மீற்றரில் தெரியாது. நடுச் சனலைத் தனியாக மோனோவாக எடுத்தால், சில மீற்றர்கள் அதை இரண்டு ஸ்பீக்கரில் ஓடுவதாக எடுத்து 3 கூட்டிச் சொல்லும். ஐரோப்பியப் பதிப்புத் தட்டுகளில் படம் 24 ஃபிரேமுக்குப் பதிலாக 25இல் ஓடும், குரல்கள் நாலு வீதம் வேகமாகி ஒரு சொட்டு மேல் சுருதியில் இருக்கும். சத்தத்துக்கு அது பிரச்சினை இல்லை. ஆனால் "இவன்ர குரல் ஏன் இப்பிடி மெலிஞ்சு கிடக்கு" என்று ஈக்யூவைத் திருகத் தொடங்கினால் பிழைத்துவிடும்.

இவ்வளவும் திருத்தி, திரும்பவும் அளந்தேன். முழுப்படச் சராசரி என்ற எண் எனக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை. சண்டைப்படத்துக்கு ஒரு எண், குடும்பப்படத்துக்கு இன்னொரு எண். அதை எடுத்து என்ன செய்வது? பதினெட்டு நிமிடக் குறும்படத்தை இரண்டரை மணித்தியாலப் படத்தின் சராசரிக்குக் கொண்டுவருவதில் ஒரு பொருளும் இல்லை. இங்கேதான் எங்கட பெடியள் நிறையப் பேர் பிழைக்கிறோம் என்று நினைக்கிறேன். "விழாவுக்கு -23, யூரியூப்புக்கு -14" என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்து, கடைசியில் லிமிற்றரைப் போட்டு அந்த எண் வரும்வரை திருகுகிறோம். எண் சரியாக வரும். படம் சரியாக வராது.

நடுச் சனலை மட்டும் எடுத்து, இரண்டு பேர் சாதாரணமாகக் கதைக்கிற இடங்களாகப் பார்த்து அரை நிமிடம், அரை நிமிடமாக வெட்டினேன். கத்துகிற இடமும் வேண்டாம், குசுகுசுக்கிற இடமும் வேண்டாம். ஒரு படத்துக்கு ஒரு பத்து இடம். அவற்றை அளந்தபோதுதான் ஒரு ஒழுங்கு தெரிந்தது. வேறு வேறு நாடு, வேறு வேறு வகைப் படம், ஆனால் சாதாரணக் கதை -27ஐச் சுற்றித்தான் நின்றது, இரண்டு மூன்று முன்னப்பின்ன. டயல்நோர்மிலும் -27, நெற்ஃபிளிக்ஸ் விதியிலும் -27 என்று இந்த எண் அடிக்கடி வருவதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. மனிசக் குரல்தான் அளவுகோல். அதை ஒரு இடத்தில் நாட்டிவிட்டு, மிச்ச எல்லாவற்றையும் அதற்கு மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு என்று அடுக்குகிறார்கள்.

எங்கட படத்தில் தாயும் மகளும் கதைக்கிற இடத்தை அதே மாதிரி வெட்டி அளந்தேன். -13. ஷெல் விழுகிற இடம் -7. குரலுக்கும் குண்டுக்கும் இடையில் ஆறு டெசிபெல்! வீட்டுக்குள் அம்மா கதைப்பதற்கும் வளவுக்குள் ஷெல் விழுவதற்கும் இடையில் ஆறு. நான் குண்டைச் சத்தமாக்கவில்லை, கதையைக் குண்டளவுக்கு ஏற்றிவைத்திருந்தேன். பிறகு குண்டுக்கு ஏற இடமே இல்லை, கூரை இடித்துவிட்டது, லிமிற்றர் அதை நசுக்கிக் கரகரப்பாக்கிவிட்டது.

யுத்தப்படம் என்றால் எல்லாரும் சொல்கிற பெயர் 'சேவிங் பிரைவேட் ரயன்'. 1998இல் வந்தது. ஒலிக்கு ஒன்று, ஒலி விளைவுகளின் தொகுப்புக்கு ஒன்று என்று இரண்டு ஒஸ்கார் வாங்கின படம், ஒலி வடிவமைப்பு காரி ரைட்ஸ்ட்ரொம். தொடக்கத்தில் வருகிற ஒமாஹா கடற்கரைச் சண்டையைத்தான் எல்லாரும் கொப்பி அடிக்கப் பார்ப்பார்கள். அந்தச் சண்டைக்குப் பின்னணி இசையே இல்லை என்பதை எத்தனை பேர் கவனித்தோம்? நடுவில் தளபதிக்குக் காது அடைத்துப்போய், முழு உலகமும் தண்ணீருக்குள் போன மாதிரி மங்குகிறது, பிறகு திரும்பவும் திறக்கிறது. அந்த மங்கல் இல்லாவிட்டால் அதற்குப் பிறகு வருகிற சத்தம் சத்தமாகவே தெரியாது.

என்னைக் கூடப் பிடித்தது அது அல்ல, படத்தின் கடைசிப் பகுதி. இடிந்த ஊர் ஒன்றில் படையினர் தாங்கிகளுக்காகக் காத்திருக்கிறார்கள். பழைய கிராமஃபோனில் எடித் பியாஃபின் பாட்டு ஓடுகிறது. சும்மா கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகு எங்கேயோ தூரத்தில் ஒரு உறுமல், காதுக்குத் தெரியுமுன் நிலத்துக்குத் தெரிகிற மாதிரி. ஒரு தாங்கியையும் இன்னும் காட்டவில்லை. மூன்று செக்கன் சராசரியைக் கோடாக வரைகிற மீற்றரில் அந்த இடத்தைப் போட்டுப் பாருங்கோ. கோடு எவ்வளவு நேரம் கீழே படுத்துக் கிடக்கிறது என்று பாருங்கோ. அன்ரி சொன்ன எண்ணுகிற இடம் அதுதான்.

தமிழில் யுத்தத்தைத் தொட்ட படம் என்றால் 'கன்னத்தில் முத்தமிட்டால்'. அதன் அரசியலைப் பற்றி நாங்கள் போதுமான அளவு சண்டை பிடித்தாயிற்று, இங்கே வேண்டாம். ஆனால் 2002ஆம் ஆண்டுப் படங்களுக்கான இந்தியத் தேசிய விருதில் ஒலிப்பதிவுக்கான விருது அதற்குத்தான் கிடைத்தது, எச். ஸ்ரீதரும் ஏ.எஸ். லக்ஷ்மிநாராயணனும் வாங்கினார்கள். ஸ்ரீதர் அதற்கு முன்பு 'மகாநதி'க்கும் 'லகான்'னுக்கும் வாங்கினவர், 2008இல் இறந்துபோனார். பாட்டெழுதினவர், இசையமைத்தவர், பாடினவர் எல்லாரையும் தெரிந்த எங்களுக்கு இவருடைய பெயர் தெரியாது. எனக்கும் இதைத் தேடப்போய்த்தான் தெரியவந்தது. ஒலிப் பக்கம் வேலை செய்ய ஆசைப்படுகிற ஆக்கள் அவருடைய வேலையைத் தேடிக் கேட்கவேண்டும், நல்ல தட்டில்.

ஹொலிவூட்டிலும் எல்லாம் சரியில்லை. தியேட்டருக்கென்று ஒரு அளவு முறை இருக்கிறது: -20இல் வைத்த இரைச்சல் ஒலியை முன் ஸ்பீக்கர் ஒன்றில் விட்டால், இருக்கையில் 85 டெசிபெல் வரவேண்டும். டொல்பிப் பெட்டியில் அதற்கான இடம் 7 என்ற இலக்கம். மிக்ஸ் செய்கிறவரும் 7இல் வைத்துத்தான் செய்வார், தியேட்டரும் 7இல் ஓட்டினால் இரண்டும் பொருந்தும். நடந்தது என்ன? படம் சத்தமாக வர, சனம் முறையிட, தியேட்டர்காரர் 5க்கு இறக்கினார். 5இல் கதை கேட்கவில்லை. அதைச் சமாளிக்க அடுத்த படத்தை இன்னும் சத்தமாக மிக்ஸ் செய்தார்கள். தியேட்டர் இன்னும் இறக்கியது. எங்கட மண்டபத்தில் அந்த அண்ணை பதினெட்டு நிமிடத்துக்குள் செய்ததை அங்கே வருடக்கணக்காகச் செய்திருக்கிறார்கள். ரெயிலர்களுக்கும் விளம்பரங்களுக்கும் உச்ச அளவு என்று தனியாக விதி வைக்கவேண்டி வந்ததும் இதனால்தான்.

இனி ஒரு நியாயமான மறுப்பு. எங்கட குழுவில் ஒருத்தி சொன்னாள்: "நீ சொல்லுறது எல்லாம் தியேட்டருக்குச் சரி. எங்கட படத்தை ஆர் தியேட்டரில பாக்கினம்? பஸ்ஸுக்குள்ள இருந்து ஃபோனில பாக்கினம். -27இல கதை வைச்சா எஞ்சின் சத்தத்தில ஒரு சொல்லும் விளங்காது." இதைத் தட்டிக்கழிக்க முடியாது. 780ஆம் இலக்க பஸ்ஸோ கொழும்பு இரவு பஸ்ஸோ, அதற்குள் இருந்து படம் பார்த்த எவருக்கும் அவள் சொல்வது சரி என்று தெரியும். டிவிடி காலத்திலேயே இரவு நேரக் குறைப்பு என்ற கட்டளையைத் தட்டுக்குள் வைத்தது இதே பிரச்சினைக்குத்தான்.

என்னுடைய பதில், எண்ணைக் கொப்பி அடிக்காதையுங்கோ, இடைவெளியைக் கொப்பி அடியுங்கோ. தியேட்டரில் குரலுக்கும் குண்டுக்கும் இடையில் இருபது டெசிபெல் வரை இடம் இருக்கும். ஃபோனுக்கு அது அதிகம். பத்து, பன்னிரண்டுக்குச் சுருக்கலாம். ஆறுக்குச் சுருக்கினால் எங்கட படம் மாதிரி ஆகிவிடும். விழாவுக்கு ஒரு மிக்ஸ், இணையத்துக்கு ஒரு மிக்ஸ் என்று இரண்டு செய்வது பெரிய வேலை இல்லை, முதலாவது ஒழுங்காக இருந்தால் இரண்டாவது அரைநாள். அதோட -14ஐத் தாண்டி ஏற்றுவதில் யூரியூப்பிலும் ஒரு பலன் இல்லை. எங்கட -10 படத்தை அது ஓட்டும்போது நாலு குறைத்துத்தான் ஓட்டியது. நசுக்கினது மட்டும் நசுங்கினபடியே மிஞ்சியது.

அளப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கு, அதை நானும் பிந்தித்தான் செய்தேன். கேட்கிற சத்தத்தை நிலையாக வைப்பது. களைக்கக் களைக்க ஹெட்போன் வொலியூமைக் கூட்டிக்கொண்டு போனால் எந்த ரெஃபரன்சும் உதவாது. சின்ன அறைக்கு 85 மிக அதிகம், அமெரிக்க ஒலிபரப்புத் தரநிலை சின்ன அறைகளுக்கு 76, 78 என்றுதான் சொல்கிறது. ஃபோனில் ஒரு டெசிபெல் அளக்கிற அப் போட்டு, -20இல் இரைச்சல் ஒலியை ஒரு ஸ்பீக்கரில் விட்டு, அந்த அளவு வருகிற இடத்தில் வொலியூம் குமிழில் ஒரு துண்டு ரேப் ஒட்டிவிட்டேன். ஃபோன் அப் திருத்தமான கருவி இல்லைத்தான். ஆனால் நேற்றும் இன்றும் ஒரே இடத்தில் நிற்பேன், அது போதும். அந்த வொலியூமில் என்னுடைய பழைய மிக்ஸைப் போட்டேன். முப்பது செக்கன் தாங்கவில்லை, நிறுத்திவிட்டேன். அன்ரி மண்டபத்தில் பத்து நிமிடம் தாங்கியிருக்கிறார்.

புதிய மிக்ஸில் எல்லாவற்றையும் இறக்கினேன். தாய், மகள் கதை -26. ஷெல் அதற்கு மேலே பதினாறு. பின்னணியில் விடாமல் ஓடிய வயலினை இயக்குநரோடு ஒரு இரவு முழுக்கச் சண்டை பிடித்துக் கழற்றினேன். குத்துகிற சத்தத்தைத் தூரத்தில் மெல்லியதாக வைத்தேன். அதற்கும் விழுவதற்கும் இடையில் பன்னிரண்டு செக்கன். அதில் இருப்பது ஓலைக்கூரையில் காற்று, ஒரு நாய், மகளின் மூச்சு, அவ்வளவுதான். முழுப்படச் சராசரி -22க்கு வந்தது.

லப்டொப்பையும் ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு அன்ரி வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி வந்தது. போட்டேன். குத்துகிற சத்தம் கேட்டவுடன் மடியில் இருந்த கையின் பெருவிரல் மற்ற விரல்களில் ஒவ்வொன்றாகத் தொடத் தொடங்கியது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. விழுந்தது. அவர் எழும்பவில்லை.

முடிய, "இது பரவாயில்லை" என்றார். "ஆனா கொஞ்சம் கெதியா விழுது. எங்களுக்கு இன்னும் எண்ண வேணும்."

வீட்டுக்கு வந்து பன்னிரண்டை இருபதாக்கினேன். திரும்பவும் அளந்தேன். சராசரி அதே -22, ஒரு புள்ளியும் அசையவில்லை. முதலில் மீற்றர் பிழை என்று நினைத்தேன். பிறகு வாசித்துப் பார்த்தால், அந்த முறை அப்படித்தான் வேலை செய்கிறது: சராசரியை விடப் பத்துக்கு மேல் தாழ்ந்த இடங்களை அது கணக்கில் எடுக்காமல் தள்ளிவிடும். நான் கூட்டின எட்டுச் செக்கனும் அதன் கண்ணில் இல்லை. மூன்று செக்கன் கோட்டில் மட்டும் பள்ளம் அகன்றிருந்தது.

ஒரிஜினல் தட்டு வைத்திருக்கிற ஆக்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கோ. புது லப்டொப் ஒன்றிலும் தட்டுப் போட வழியில்லை, என்னிடம் இருக்கிற வெளி ட்ரைவ் இன்னும் ஓடுகிறது. அளந்த எண்களை ஒரு ஷீற்றில் எழுதி வைத்திருக்கிறேன், கேட்டால் தருவேன்.